படுத்தால் வலிக்கும் கடைவாய்ப் பல்: ரூட் கெனாலா, பிடுங்குவதா, எந்த டாக்டரை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மாதமாக ஜில்லென்று எது பட்டாலும் கூச்சம். இப்போது நாலு நாளாகப் படுத்தால் வலி, தூக்கமே இல்லை. மெடிக்கலில் கேட்டு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டும் அடங்கவில்லை. ஒரு டாக்டர் ரூட் கெனால் செய்து, பல்லுக்கு மேல் கேப் என்ற உறை போட வேண்டும், பதினோராயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் பிடுங்கிவிடலாம், செலவு மிச்சம் என்கிறார். இரண்டு பேரில் ஒருவர் ஏமாற்றுகிறார், நல்ல பல் டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஒருவர் ஏமாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் பல்லுக்கு இரண்டுமே சரியான வைத்தியமாக இருக்க முடியும். நான் பல் மருத்துவன். முதலில் அரசு மருத்துவமனை, அப்புறம் சின்ன ஊரில் சொந்த கிளினிக் என்று பல வருடங்களாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் வாயையோ எக்ஸ்ரேயையோ பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளியே எனாமல், அதற்குள் டென்டைன், நடுவில் நாம் பொதுவாக நரம்பு என்று சொல்லும் மென்மையான திசு. அதில் ரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் சேர்ந்தே இருக்கின்றன. சொத்தை டென்டைனைத் தொட்டதும் கூச்சம் தொடங்கும். ஜில்லென்று குடித்து முடித்த சில நொடிகளில் கூச்சம் போய்விட்டால் உள்ளே இருக்கும் திசு தேறிவிடும் என்று நம்பலாம். சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். குடித்து முடித்த பிறகும் வலி நின்றுகொண்டே இருந்தால், சும்மா இருக்கும்போதே தானாகக் கிளம்பினால், ராத்திரி எழுப்பினால், அந்தத் திசு மீண்டு வரும் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டது என்று கணக்கு. உடம்பில் வேறு எங்கு அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்க இடமிருக்கும். பல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர். வீங்க வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும். பகலில் ஓரளவு தாங்கிய வலி ராத்திரி உயிரை எடுப்பது இதனால்தான். ஒரு மாதக் கூச்சம், பிறகு இரவு வலி என்ற உங்கள் வரிசை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இதன் அடுத்த கட்டம்தான் ஆட்களை ஏமாற்றுவது. திடீரென்று ஒருநாள் வலி நின்றுவிடும். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று பலரும் கிளினிக் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் உள்ளே இருந்த திசு செத்துப் போயிருக்கும். செத்த திசுவுக்குக் கூச்சம் தெரியாது, ஆனால் கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கடித்தால் வலி, பல் கொஞ்சம் உயர்ந்து நிற்பது போன்ற உணர்வு, ஈறில் சீழ்க் கொப்புளம் என்று வேறு உருவத்தில் திரும்பும். அதனால் நாளைக்கே உங்கள் வலி நின்றாலும் டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் நான் கேள்வி கேட்காமல் ஏற்க மாட்டேன்: அது எந்தப் பல் என்பது. பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு வலி தெரியும், இடம் சரியாகத் தெரியாது. கீழ்ப் பல் கெட்டிருக்க மேல் பல்லைக் காட்டுபவர்கள் நிறையப் பேர். காது வலி என்று காது டாக்டரிடம் போய்விட்டு எங்களிடம் வருபவர்களும் உண்டு. அழற்சி வேர் நுனியைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் 'இதுதான்' என்று விரல் வைத்துக் காட்ட முடியும். மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றாக வலித்து, குனிந்தால் கூடினால் அது சைனஸாக இருக்கலாம். முகத்தைக் கழுவும்போதோ காற்று படும்போதோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் மட்டும் வெட்டி இழுத்தால் அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற நரம்பு நோயாக இருக்கலாம். அந்த நோயோடு வந்து, நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டும் வலி தீராதவர்களை எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருமே பார்த்திருப்போம். நடந்தால் தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்கினால், கூடவே நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ இருந்தால், பல் டாக்டரைத் தேடாமல் உடனே இதயத்தைப் பார்க்க ஓட வேண்டும்.

இப்போது அந்த அமாக்சிசிலின். அது ஏன் கேட்கவில்லை என்றால், இந்தக் கட்டத்தில் அது செய்வதற்கு ஒன்றும் இல்லை. நரம்பு அழற்சியால் வரும் வலியை ஆன்டிபயாடிக் குறைப்பதில்லை என்பது ஆய்வுகளில் பார்த்த விஷயம். அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடனே பல்லுக்கு வைத்தியம் செய்ய முடிகிற நிலையில் இத்தகைய வலிகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால் கதை வேறு. அப்போதும்கூட சீழை வெளியேற்றுவதுதான் முக்கிய வேலை, மாத்திரை துணைக்குத்தான். நம் ஊர் மெடிக்கல்களில் பல் வலி என்றதும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை என்று கவரில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் ஊறிவிட்டது. எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. அந்த மூன்றில் உங்களைப் போன்றவர்களுக்கு உதவக்கூடியது நடுவில் இருக்கும் வலி மாத்திரை மட்டும்தான்.

இன்றிரவுக்கு வருவோம். பல் வலிக்கு நன்றாகக் கேட்பது இபுப்ரோஃபென் வகை மாத்திரையும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டணி. ஒன்று அழற்சியைக் குறைக்கிறது, மற்றது வேறு வழியில் வலியை அடக்குகிறது. வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும், ஆறிலிருந்து எட்டு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் மூன்று வேளைக்கு மேல் போகாமல், ஓரிரு நாள். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, படுக்கப் போவதற்கு முன்பே போட்டுக்கொண்டால் நன்றாகக் கேட்கும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. காம்பிஃப்ளாமில் ஏற்கெனவே இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு, கேட்கவில்லை என்று டோலோ 650ஐயும் வேளைக்கு வேளை சேர்த்தால் பாராசிட்டமால் அளவு தெரியாமலே ஏறிவிடும். நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அந்த அளவும் அதிகம்.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் இபுப்ரோஃபெனை நீங்களாகத் தொடாதீர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் பல் வலியோடு காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது வேண்டாம்.

மாத்திரைக்கு அப்பால், தலையணையைக் கூட்டித் தலையை உயர்த்திப் படுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துச் சொத்தைக்குள் சிக்கிய சோற்றுப் பருக்கையை வெளியேற்றினாலே சிலருக்குப் பாதி வலி குறைந்துவிடும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள், உள்ளே சீழ் இருந்தால் வீக்கம் கூடும். இந்தக் கட்டத்தில் சிலருக்குச் சூடு பட்டால் வலி கிளம்பி, ஜில் தண்ணீர் பட்டால் அடங்கும். ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு கிளினிக்குக்கு வந்து உட்காருபவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்ததுமே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிடும். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினாலை நாங்களும் தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் பயன்படுத்துகிறோம், எனவே அது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழிக்குள் மட்டும் வையுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து ஈறில் ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைப்பதும் அப்படித்தான், வெள்ளையாகத் தோல் உரிந்து வருகிறது. புகையிலை, பெட்ரோல், கற்பூரம் எதுவும் வேண்டாம். கண்டங்கத்திரி விதைப் புகை போட்டுப் புழு எடுப்பதாகச் சொல்பவர்களிடமும் போகாதீர்கள். சொத்தையை உண்டாக்குவது சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியும் புழு எதுவும் பல்லுக்குள் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் காலை வரை காத்திருக்கக் கூடாது. வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ கண் பக்கமோ பரவினால், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால் நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி மூச்சுப் பாதையை அடைத்து உயிரைப் பறிப்பது இன்றும் நடக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும்.

சரி, ரூட் கெனாலா, பிடுங்குவதா? நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: உள்ளே இருக்கும் கெட்ட திசு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் தொல்லை தீராது. இரண்டு வழிகளும் அதைச் செய்கின்றன. ரூட் கெனாலில் பல்லை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து, சுத்தம் செய்து அடைக்கிறோம். நன்றாகச் செய்தால் பத்துப் பற்களில் எட்டு ஒன்பது பல வருடங்கள் நிற்கின்றன. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் தேவை என்பது பணம் பிடுங்கும் தந்திரம் என்று நினைக்காதீர்கள். சொத்தையிலும் சிகிச்சையிலும் உட்சுவரை இழந்த பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும். பிளவு வேருக்கு இறங்கினால் பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வலி போய்விட்டது என்று கேப் போட வராமல் இருந்துவிட்டு, முறுக்கு கடித்துப் பல்லை இரண்டாக்கிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். கேப் எந்தப் பொருளில் என்பதில் மட்டும் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. பின்பற்களுக்கு முழு உலோகக் கேப்பே நன்றாக உழைக்கும், விலையும் குறைவு. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால் ஜிர்கோனியா என்ற செராமிக், அதற்கேற்ற விலை.

பிடுங்குவது எப்போது நியாயம்? சொத்தை ஈறுக்கு வெகு ஆழத்தில் இறங்கி, கேப் பிடித்து நிற்கப் பல்லே இல்லாமல் போயிருந்தால். வேர் பிளந்திருந்தால். ஈறு நோயால் பல் ஆடிக்கொண்டிருந்தால். அது ஞானப் பல்லாக இருந்தால். இவை எதுவும் இல்லாமல் பணம் இல்லை என்பதற்காகப் பிடுங்குவதும் ஒரு நியாயமான முடிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். முதல் கடைவாய்ப் பல்லை எடுத்தால் பக்கத்துப் பல் சாயலாம், மேல் பல் கீழே இறங்கலாம், மெல்வது மறு பக்கத்துக்கு மாறும். அந்த இடத்தை நிரப்ப, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜோ எலும்பில் பதிக்கும் இம்பிளான்டோ போட்டால் பெரும்பாலும் ரூட் கெனால் செலவைத் தாண்டிவிடும். உங்களிடம் கேட்ட பதினோராயிரம் தனியார் கிளினிக்கில், கேப்போடு சேர்த்து, அநியாயத் தொகை இல்லை. அப்புறம், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. நரம்பு முழுவதையும் எடுக்காமல் மேல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, எம்.டி.ஏ. போன்ற சிமென்ட் வைத்து மிச்சத்தை உயிரோடு காப்பாற்றும் முறை இப்போது பெரியவர்களின் பற்களிலும், உங்களைப் போன்ற வலியிலும், செய்யப்படுகிறது. முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் ரூட் கெனாலுக்கு இருப்பது போன்ற நீண்ட காலக் கணக்கு அதற்கு இன்னும் சேரவில்லை. ஒரே உட்காரலில் முடிப்பதா, இரண்டு மூன்று முறை வரச் சொல்வதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. லேசர் என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி டாக்டரைத் தேடுவது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வைத்தியத்தைச் சொல்வதற்கு முன் நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு மெனக்கெடுகிறார். உங்கள் வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டாரா? சந்தேகப் பல்லிலும் பக்கத்துப் பற்களிலும் ஜில்லென்று ஏதாவது வைத்துப் பார்த்து ஒப்பிட்டாரா? வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லையும் தட்டிப் பார்த்தாரா? ஈறின் ஆழத்தை அளந்தாரா? அந்தப் பல்லுக்குச் சின்ன எக்ஸ்ரே எடுத்து, உங்களிடம் திருப்பிக் காட்டி, கறுப்பாகத் தெரியும் இடம் எது என்று விளக்கினாரா? நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், எக்ஸ்ரே கூட இல்லாமல், ரூட் கெனால் என்றாலும் தவறு, பிடுங்கலாம் என்றாலும் தவறு. உங்கள் இரண்டு டாக்டர்களையும் இந்தக் கேள்விகளோடு நினைத்துப் பாருங்கள், யாரிடம் திரும்பிப் போகலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு பேருமே இவற்றைச் செய்யவில்லை என்றால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.

படிப்பை விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். பி.டி.எஸ். முடித்தவர் ரூட் கெனால் செய்யலாம், பலர் அருமையாகச் செய்கிறார்கள். வேர் வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே செய்த ரூட் கெனால் மறுபடி வலித்தாலோ, ரூட் கெனால் துறையிலேயே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த எண்டோடான்டிஸ்ட்டிடம் போவது நல்லது. எலும்புக்குள் புதைந்த ஞானப் பல்லுக்கு, வாய், தாடை அறுவை செய்யும் ஓரல் சர்ஜன். சில கிளினிக்குகளில் அவர்கள் வாரத்தில் ஒருநாள் வந்துபோவார்கள், கேட்டு அந்த நாளில் போகலாம். எல்லாப் பல் டாக்டர்களும் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் சுவரிலோ சீட்டிலோ இருக்கும். பதிவு இல்லாமல் பரம்பரை பரம்பரையாகப் பல் கட்டுபவர்கள் சில கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்த பிறகு புதிதாக அப்படி யாரும் தொழில் செய்ய முடியாது.

கருவிகள் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் கிருமி நீக்கப்பட்டு, ஒட்டிய உறையில் இருந்து உங்கள் எதிரில் பிரிக்கப்பட வேண்டும். ஊசி புதியதாக இருக்க வேண்டும். ரூட் கெனாலின்போது பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினால் அந்த டாக்டருக்கு என் மதிப்பெண் கூடும். எச்சில் உள்ளே போகாது, சின்னக் கருவிகள் தொண்டைக்குள் விழாது. நம் ஊரில் பலர் இதைப் போடுவதில்லை, போட வேண்டும் என்பதுதான் பாடம். மரத்துப்போகும் ஊசி போட்டும் வலிக்கிறது என்றால் கையைத் தூக்குங்கள். அழற்சி உச்சத்தில் இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு ஊசியில் முழுதாக மரக்காமல் போவது எங்களுக்குப் புதிதில்லை. வேறு இடத்தில் இன்னொன்று போட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் அடங்கும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று தொடர்ந்து குடையும் டாக்டர் வேண்டாம்.

நான் சந்தேகப்படும் அறிகுறிகளும் உண்டு. ஒரு பல்லுக்காகப் போன இடத்தில் எட்டுப் பற்களை அடைக்கச் சொல்வது, இன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை என்று அவசரப்படுத்துவது, எக்ஸ்ரேயைக் கையில் தர மறுப்பது. கூகுளில் ஐந்து நட்சத்திரம் வரவேற்பறையின் ஏசியையும் பேச்சின் இனிமையையும்தான் காட்டும், ரூட் கெனால் எப்படி நிற்கிறது என்பது சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதே டாக்டரிடம் ஐந்து வருடத்துக்கு முன் செய்துகொண்டவர் தெருவில் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள்.

பணம் இடிக்கிறது என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு படியையும் பேராசிரியர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதனால் நேரம் இழுக்கும், பல முறை அலைய வேண்டியிருக்கும். நேரம் இருப்பவருக்கு அது நல்ல வழி.

போகும்போது சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்பு மெலிந்து பலவீனமாகும் ஆஸ்டியோபொரோசிஸுக்கு ஊசி போட்டிருந்தால் பிடுங்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிற்றில் போய் மயங்கி விழுபவர்கள்தான் அதிகம். அன்றைக்கு முழு ரூட் கெனாலுக்கு நேரமில்லை என்று சொன்னாலும் பல்லைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தையாவது விடுவித்து, மருந்து வைத்து மூடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேர வேலைதான், அன்று ராத்திரி நீங்கள் பெரும்பாலும் தூங்கிவிடுவீர்கள். பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் லேசாக வலிப்பது இயல்பு. நாள் போகப் போக வலியோ வீக்கமோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போங்கள்.